பதினோர் எழுத்தும் ஒரு பெயரும்

தோபித்து நூலை நம் குடும்பங்களில் பெரும்பாலும் திருமண நாளில்தான் நினைவு கூருகிறோம். இளைஞன் தோபியாவும் அவன் மணமகளும் சேர்ந்து செய்த வேண்டுதல் நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பயணம் தொடங்கியது பெண் பார்ப்பதற்காக அன்று. பணம் வாங்கி வருவதற்காக. மேதியா நாட்டில் கபேல் என்பவரிடம் தந்தை தோபித்து பத்துத் தாலந்து வெள்ளியை ஒப்படைத்து வைத்திருந்தார். ஆண்டுகள் இருபது கடந்துவிட்டன; கண் பார்வையும் போயிற்று. மகனை அழைத்து, அப்பணத்தைப் பெற்றுவா என்கிறார். மகன் கேட்கும் கேள்வி மிக நியாயமானது. "அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது, எந்த அடையாளத்தைக் காட்டி நான் அப்பணத்தைக் கேட்பேன்?" என்பதே அதன் கருத்து. தந்தையிடம் அதற்கு விடை இருந்தது. ஒப்பந்தச் சீட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பணத்தோடு வைத்துவிட்டு, மறுபாதியைத் தம்மிடமே வைத்திருந்தார் அவர்.

இன்று நாம் வங்கிக்குச் சென்று ஒரு படிவத்தை நிரப்பும்போதும் தோபியாவின் கேள்வியே நம்முன் நிற்கிறது. நம்மை அறியாத ஒரு கிளை, நாம் பார்த்திராத ஒரு ஊழியர். நம் பணம் எந்த அடையாளத்தைக் கொண்டு அங்கே போய்ச் சேரும்? அந்த அடையாளம்தான் ஐ.எப்.எஸ்.சி. எனப்படும் பதினோர் எழுத்துக் குறியீடு. இதைப் பற்றி ஒரு குடும்ப இதழில் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். இதை அறியாமலும், அறிந்த பின் அசட்டையாலும், நாம் ஓர் ஏழைக் குடும்பத்தை அலைக்கழித்தோம். அந்த வெட்கத்தை மறைக்காமல் சொன்னால் வேறு சிலருக்காவது பயன்படும் என்பதே காரணம்.

திருத்தணி மலைக்கு வருவோர் பலர் அறியாத ஊர் அம்மையார்குப்பம். ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர் அது. தெருவில் நடந்தால் தறியோசை நம்மோடு கூடவே வரும். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் இவ்வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே எல்லைக்கு அப்பால் உறவும் தொழிலும் இல்லாத குடும்பம் அங்கே அரிது.

அவ்வூரில் நமக்குத் தெரிந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று உண்டு. தறி ஓட்டிவந்த குடும்பத் தலைவர் நோயில் இறந்தார். மனைவி பாவு சுற்றியும் நாடாவுக்குத் தார் சுற்றியும் பிள்ளைகள் இருவரை வளர்த்தார். மூத்தவள் நன்றாகப் படித்தாள். 2021 ஆம் ஆண்டு செவிலியர் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் தவணையாக 35,000 ரூபாய் கட்ட வேண்டும். பங்கிலும் வெளியிலும் நமக்குத் தெரிந்த குடும்பங்களிடம் ஐந்நூறும் ஆயிரமுமாகக் கேட்டுச் சேர்த்தோம். தொகை முழுவதும் நம் கணக்கில் இருந்தது. அதை அந்தத் தாயின் கணக்கிற்கு அனுப்புவது ஒன்றே மீதி. கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. எளிய காரியம் என்றே எண்ணினோம்.

அவர் கொடுத்தனுப்பிய வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். சாளரத்தின் பின்னாலிருந்த இளம் ஊழியர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தக் குறியீடு இப்போது இல்லை. அந்த வங்கியை வேறு வங்கியோடு இணைத்துவிட்டார்கள். புதுக் குறியீடு வாங்கி வாருங்கள்" என்றார். வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பது எப்படி இல்லாமல் போகும் என்று நாம் வாதாடினோம். அவர் பொறுமைசாலி. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அக்குறியீட்டின் அமைப்பைப் பிரித்துக் காட்டினார். அன்று கற்றதை இங்கே எழுதுகிறோம்.

குறியீட்டில் மொத்தம் பதினொன்று இடங்கள். முதல் நான்கும் ஆங்கில எழுத்துகள்; அவை வங்கியைக் குறிக்கும். பாரத ஸ்டேட் வங்கிக்கு எஸ்.பி.ஐ.என்.; இந்தியன் வங்கிக்கு ஐ.டி.ஐ.பி.; இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு ஐ.ஓ.பி.ஏ.; கனரா வங்கிக்கு சி.என்.ஆர்.பி. ஐந்தாவது இடம் எப்போதும் சுழியம். பிற்காலத் தேவைக்கென்று அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கடைசி ஆறு இடங்கள் கிளையைக் குறிக்கும். பெரும்பாலும் அவை எண்களாக இருக்கும்; சில வங்கிகளில் எழுத்தும் கலந்து வரும். ஐந்தாம் இடம் சுழியம் என்பதை மறவாதிருந்தால் ஒரு பெருங்குழப்பம் தீரும். அதை ஆங்கில எழுத்தாகிய 'ஓ' என்று எழுதிவிட்டுத் திண்டாடுவோர் பலர்.

அம்மையார்குப்பத்து நெசவாளருக்கு இதை விளக்குவது கடினம் அன்று. 1804 இல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு அமைத்த பொறியின் வழிவந்த அட்டைகளை அவர்கள் நாள்தோறும் கையாளுகிறார்கள். துளை இருந்தால் ஊசி நுழையும், இழை எழும். துளை இல்லாவிட்டால் எழாது. ஒரு துளை இடம் மாறினாலும் முந்தானையில் பூ கோணிப்போகும். அட்டைக்குப் பூவின் அழகு தெரியாது. துளை மட்டுமே தெரியும். வங்கிக் கணினியும் அத்தகையதே. யாருக்கு, எதற்கு, எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஊர்ப்பெயரை எழுதினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். புதூர் என்ற பெயரில் மட்டும் நம் நாட்டில் எத்தனை ஊர்கள்! அதே ஊரில் ஒரே வங்கிக்கு இரண்டு மூன்று கிளைகள் வேறு. 1972 ஆகஸ்டு 15 அன்று அஞ்சல் துறை ஆறிலக்கப் பின்கோடு முறையைக் கொண்டுவந்ததும் இப்படிப்பட்ட குழப்பத்தைத் தீர்க்கவே. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முதல் இலக்கம் 6. ஆந்திரத்துக்கும் கருநாடகத்துக்கும் 5. அம்மையார்குப்பத்துப் பக்கமிருந்து எல்லையைத் தாண்டி நகரிக்குப் போனால் மொழியும் உறவும் மாறுவதில்லை. பின்கோட்டின் தொடக்கம் மட்டும் 631 என்பதிலிருந்து 517 ஆகிவிடுகிறது. கடிதத்துக்குப் பின்கோடு எப்படியோ, பணத்துக்கு இக்குறியீடு அப்படி. 2004 மார்ச்சு மாதம் ஆர்.டி.ஜி.எஸ். என்னும் பெருந்தொகை மாற்று முறையும், 2005 நவம்பரில் என்.இ.எப்.டி. என்னும் பொது மாற்று முறையும் தொடங்கின. இவை இரண்டும் இக்குறியீட்டைக் கொண்டே இயங்குகின்றன.

சரி, இருந்த குறியீடு எப்படி மறைந்தது? வங்கிகள் இணைந்ததால். 2017 ஏப்ரல் 1 இல் திருவாங்கூர், ஐதராபாத் முதலிய துணை வங்கிகள் பாரத ஸ்டேட் வங்கியில் கலந்தன. 2019 ஏப்ரல் 1 இல் விஜயா வங்கியும் தேனா வங்கியும் பரோடா வங்கியோடு சேர்ந்தன. 2020 ஏப்ரல் 1 இல் பத்து அரசு வங்கிகள் நான்காகச் சுருங்கின. 1923 இல் மசூலிப்பட்டினத்தில் தோன்றிய ஆந்திரா வங்கியும், கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியில் அடங்கின. சிண்டிகேட் வங்கி கனராவில் கலந்தது. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியானது. அதே ஆண்டு நவம்பரில், 1926 இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. கட்டடம் அதேதான், உள்ளே இருப்பவர்களும் அவர்களே. பெயர்ப்பலகை மாறியது, சில மாதங்களில் குறியீடும் மாறியது. ஆந்திரா வங்கியின் ஏ.என்.டி.பி. போய் யு.பி.ஐ.என். வந்தது, சிண்டிகேட்டின் எஸ்.ஒய்.என்.பி. போய் சி.என்.ஆர்.பி. வந்தது. பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்த பழைய வங்கிப் புத்தகத்துக்கு இச்செய்தி எப்படித் தெரியும்?

நம் கதைக்கு வருவோம். ஊழியரிடம் விடைபெற்று வெளியே வந்து, அம்மையார்குப்பத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். அந்தத் தாயின் மகன், பள்ளிச் சிறுவன், கிளைக்கு ஓடிப்போய்ப் புதுக் குறியீட்டை எழுதி வாங்கிவந்து வாசித்தான். பிழையில்லாமல் வாசித்தான், நாமும் பிழையில்லாமல் எழுதிக்கொண்டோம். மறுநாள் புதுப் படிவம் நிரப்பினோம். குறியீட்டிலேயே நம் கவனமெல்லாம் இருந்தது. நான்கு எழுத்து, ஒரு சுழியம், ஆறு இலக்கம் என்று விரல் வைத்து மும்முறை எண்ணினோம். ஆனால் கணக்கு எண்ணை ஒரே மூச்சில் எழுதினோம். இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்தன.

படிவத்தில் கணக்கு எண்ணை இருமுறை எழுதச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று நாம் சிந்திக்கவில்லை. இரண்டாம் முறை எழுதும்போது வங்கிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். நாமோ மேல் வரியில் நாமே எழுதியதைப் பார்த்து எழுதினோம். பிழை தன்னைத் தானே சாட்சி சொல்லி மெய்ப்பித்துக்கொண்டது. ஊழியர் இரண்டையும் ஒப்பிட்டார், ஒத்திருந்தன, பணத்தை அனுப்பிவிட்டார். அவர்மேல் குற்றம் ஏதுமில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாய் பேசினார். "ஐயா, பணம் இன்னும் வரலைங்களே" என்றார். "வந்துவிடும் அம்மா, நேற்றே போய்விட்டது" என்றோம். குரலில் கொஞ்சம் அதட்டல்கூட இருந்தது. அன்று மாலை மீண்டும் பேசினார். "தப்பா நினைக்காதீங்க ஐயா. நாளைக்குக் கடைசி நாளுங்க. பொண்ணு சாப்பிடாம உட்கார்ந்திருக்குது." அப்போதுதான் படிவத்தின் அடிக்கட்டையை எடுத்து வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தோம். நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

இங்கே வாசகர் ஒன்றைக் கூர்ந்து அறிய வேண்டும். கிளைக் குறியீடு தவறாக இருந்தால் பெரும்பாலும் பணம் தப்பும். இல்லாத குறியீட்டைக் கணினி ஏற்காது. பணம் பெறும் கணக்கில் வரவு வைக்க முடியாவிட்டால் அது அனுப்பியவருக்கே திரும்பிவிடும். என்.இ.எப்.டி. முறையில் இரண்டு மணி நேரத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் கணக்கு எண் தவறாகி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்துவிட்டால், பணம் அவருக்கே சேரும். அந்நாளில் பெயரை ஒப்பிடும் வழக்கம் இல்லை. எண்ணைக் கொண்டே வரவு வைத்தார்கள். நாம் படிவத்தில் அந்தத் தாயின் பெயரைத் தெளிவாக எழுதியிருந்தோம். அதனால் பயன் ஒன்றும் இல்லை.

அன்றிரவு நம் துணைவியார் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காலையில் அடகுக் கடை திறந்ததும் பணம் வாங்கிக்கொண்டு, கல்லூரிக்கே நேரில் சென்று கட்டணத்தைக் கட்டினோம். இரசீதை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தபோது அவள் அழுதாள். அவளுடைய தாய் நம் காலில் விழப்போனார். தண்டனைக்கு உரிய நமக்கு இந்த மரியாதையா என்று கூசிப்போனோம். நமக்கு அடகு வைக்க ஒரு சங்கிலி இருந்தது. இல்லாதவர் கையில் இப்பிழை நேர்ந்திருந்தால் ஒரு பெண்ணின் படிப்பே போயிருக்குமே!

பிறகு நம் வங்கியின் மேலாளரிடம் எழுத்தில் முறையிட்டோம். பணம் போனதற்கான யு.டி.ஆர். எண்ணைக் குறித்து, அவர் மறு வங்கிக்கு எழுதினார். "அந்தக் கணக்குக்காரர் சம்மதித்தால்தான் எடுக்க முடியும், ஐயா. அவர் செலவழித்திருந்தால் வழக்குக்குத்தான் போக வேண்டும்" என்றார். பதினெட்டு நாள் கடந்தது. பத்தொன்பதாம் நாள் 35,000 ரூபாயும் நம் கணக்கில் திரும்பி நின்றது.

மேலாளர் அதற்குப் பின் சொன்ன செய்தியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அவருடைய கடிதம் மறு கிளைக்குப் போய்ச் சேரும் முன்னரே, அந்தக் கணக்குக்காரர் தாமாகவே அங்கே வந்து, "இது என் பணம் இல்லை, யாரோ தவறி அனுப்பியிருக்கிறார்கள், உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாராம். வேலை நாளில் கூலியை விட்டுவிட்டு இரண்டு முறை வந்து போனாராம். அவர் பெயர் என்ன என்று கேட்டோம். "அதைச் சொல்லக் கூடாது ஐயா" என்றார் மேலாளர். அவர் சொன்னது சரிதான்.

கபேல் தம்மிடம் இருந்த பணப்பைகளை முத்திரை கலையாமல் எண்ணிக் கொடுத்தார் என்று தோபித்து நூல் கூறுகிறது. அவரிடம் ஒப்பந்தச் சீட்டின் பாதி இருந்தது. நம் பெயர் அறியாத மனிதருக்கோ அவருடைய மனச்சான்றைத் தவிர வேறு சீட்டு இல்லை.

இனி, குறியீட்டை எங்கே காண்பது, எப்படிக் காப்பது என்று சுருக்கமாகச் சொல்வோம். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் காசோலை இதழிலும் ஐ.எப்.எஸ்.சி. அச்சிட்டிருக்கும். காசோலையின் அடியில் வெள்ளைப் பட்டையில் காணும் ஒன்பது இலக்கம் வேறு, அது எம்.ஐ.சி.ஆர். எனப்படும் காந்த மைக் குறியீடு. அதில் முதல் மூன்று இலக்கம் நகரையும், அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். சென்னைக்கு 600 என்று பின்கோட்டைப் போலவே அது தொடங்கும். உதவித்தொகைப் படிவங்களில் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு. பதினொன்று என்றால் ஐ.எப்.எஸ்.சி., ஒன்பது என்றால் எம்.ஐ.சி.ஆர். என்று நினைவில் வைத்தால் போதும்.

வங்கிப் புத்தகம் பழையதாக இருந்தால் நம்ப வேண்டாம். கிளையில் கேட்டுப் புதுப் புத்தகம் வாங்கிக்கொள்வதே நன்று. இந்திய ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலும், அந்தந்த வங்கியின் சொந்த இணையதளத்திலும் கிளைக் குறியீடுகளின் பட்டியல் உண்டு; வீட்டிலுள்ள பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள். வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் உழைக்கும் நம் பிள்ளைகள் பணம் அனுப்பும்போது சுவிப்டு குறியீட்டைக் கேட்பார்கள். எட்டு அல்லது பதினோர் இடங்கள் கொண்ட அது பன்னாட்டு அடையாளம். எல்லாக் கிளைக்கும் அது இராது. நம் கிளைக்கு எந்தக் கிளையின் சுவிப்டு குறியீட்டைத் தர வேண்டும் என்று மேலாளரைக் கேட்டறிய வேண்டும்.

பெயரை ஒப்பிடும் வசதியும் இப்போது வந்துவிட்டது. 2024 டிசம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி விடுத்த அறிவுரைப்படி, 2025 ஏப்ரல் 1 முதல், என்.இ.எப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கலாம். கிளைக்கு நேரில் சென்று அனுப்புவோரும் இதைக் கேட்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள். கணக்கு எண்ணை இரண்டாம் முறை எழுதும்போது முதல் வரியை மறைத்துக்கொண்டு மூலத்தைப் பார்த்து எழுதுங்கள். பெருந்தொகையானால் முதலில் பத்து ரூபாய் அனுப்பி, சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். பிழை நேர்ந்துவிட்டால் ஒரு நாளும் தாமதியாமல் உங்கள் வங்கியிடம் எழுத்தில் முறையிடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. கிளைக் குறியீடு இரகசியம் அன்று. பணம் பெறுவதற்காக அதையும் கணக்கு எண்ணையும் உரியவரிடம் சொல்லலாம். ஆனால் கைபேசிக்கு வரும் ஒருமுறை கடவு எண்ணையும், அட்டையின் இரகசிய எண்ணையும் எவரிடமும் சொல்லலாகாது. வங்கி மாறிவிட்டது, குறியீடு மாற்ற வேண்டும், அந்த எண்ணைச் சொல்லுங்கள் என்று யாரேனும் பேசினால் அவர் வஞ்சகர் என்று அறிக. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்தப் பெண் படித்து முடித்து இன்று மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணியாற்றுகிறாள். முதல் சம்பளம் வாங்கிய அன்று நம்மோடு பேசினாள். "ஐயா, உங்க கணக்கு எண்ணும் குறியீடும் சொல்லுங்க. ரெண்டு தடவை சொல்லுங்க" என்றாள். நாமும் சொன்னோம், அவளும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். 1,000 ரூபாய் வந்தது. சங்கிலி எப்போதோ மீண்டுவிட்டதே, இது எதற்கு என்றோம். "திருப்பலிக்குங்க ஐயா. அந்த ஆளுக்காக" என்றாள்.

பங்குத்தந்தையிடம் சென்றோம். கருத்து எழுதும் ஏட்டைத் திறந்து, யார் பெயருக்கு என்று கேட்டார். நமக்குத் தெரிந்ததெல்லாம் நாம் பிழையாக எழுதிய ஒரு கணக்கு எண் மட்டுமே. நடந்ததைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இறைவன் அறிந்த ஒருவருக்காக" என்று எழுதினார். நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று நாம் நம்புகிறோம். அந்த ஞாயிறு அக்கருத்து வாசிக்கப்பட்டபோது, அம்மையார்குப்பத்திலிருந்து வந்திருந்த தாயும் மகனும் நமக்கு முன் வரிசையில் முழந்தாளிட்டிருந்தார்கள்.